தாயா, பிள்ளையா என்று கேட்பதற்கு முன்

(செவிலிய மாணவிகளும் பொதுமக்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

பின்வாசல் பக்கம் தயங்கி நிற்கும் ஆண்கள் முன்னால் வந்து உட்காரலாம், இடம் இருக்கிறது. இது பெண்களுக்கு மட்டுமான பேச்சு இல்லை. நான் சொல்லப்போகிற முடிவுகளில் பாதியை நம் வீடுகளில் ஆண்கள்தான் எடுக்கிறார்கள். சட்டம் அதைப்பற்றி என்ன சொல்கிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

1809-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜேன் டாட் க்ராஃபோர்டு என்ற பெண்மணிக்கு வயது 46. வயிறு மாதக்கணக்கில் பெருத்துக்கொண்டே போனது. பார்த்தவர்கள் கர்ப்பம் என்றார்கள். நாள் தள்ளிப்போயும் பிரசவம் ஆகவில்லை. எஃப்ரைம் மெக்டவல் என்ற மருத்துவரை வரவழைத்தார்கள். அவர் கைவைத்துப் பார்த்துவிட்டு, இது பிள்ளை இல்லை, சினைப்பையில் வளர்ந்த கட்டி என்றார். வயிற்றைத் திறந்து கட்டி எடுத்துப் பிழைத்தவர் யாரும் அதுவரை இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். அந்த அம்மா சம்மதித்தார். கட்டியைச் சேணத்தின்மேல் தாங்கிக்கொண்டு குளிர்காலத்தில் சுமார் 60 மைல் குதிரையில் போனார். மயக்க மருந்து புழக்கத்துக்கு வர இன்னும் 37 ஆண்டுகள் இருந்தன. கிறிஸ்துமஸ் நாளில், முழு நினைவோடு, 25 நிமிடத்தில் அறுவை முடிந்தது. எடுத்த கட்டியின் எடை இருபத்திரண்டரை பவுண்டு, அதாவது ஏறக்குறைய 10 கிலோ. 25 நாளில் வீடு திரும்பியவர் அதற்கப்புறம் 32 வருடம் வாழ்ந்தார். சினைப்பை அறுவைச் சிகிச்சையின் வரலாறு அந்த அம்மாவின் வயிற்றில்தான் தொடங்குகிறது.

கட்டியைப் பிள்ளை என்று எண்ணிய காலம் அது. இன்றைக்கு நான் பேச வந்தது, பிள்ளையும் கட்டியும் ஒரே வயிற்றில் ஒன்றாக இருக்கும் நிலைமையைப் பற்றி. இந்தச் செய்தியைச் சொன்னதும் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி எனக்கு மனப்பாடம். “தாயா, பிள்ளையா, ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க டாக்டர்.” சற்று நேரம் கழித்துப் பெரியவர் யாராவது, “பெரிய உயிரைக் காப்பாத்துங்கம்மா, சின்ன உயிரைப் பின்னால பாத்துக்கலாம்” என்பார். பாசத்தில் வரும் பேச்சு, அதில் குறையில்லை. ஆனால் மருத்துவர் அந்த இடத்தில் தேடுவது வேறு இரண்டு விடைகளை. இது எத்தனையாவது வாரம்? கட்டி எந்த வகை? இவை தெரிவதற்கு முன்பே தாயா பிள்ளையா என்று முடிவு கட்டினால், காப்பாற்றியிருக்கக்கூடிய பிள்ளையைக் கலைத்துவிடுவோம். அல்லது பிள்ளை பிறக்கட்டும் என்று காத்திருந்து தாயைத் தொலைத்துவிடுவோம். பெரும்பாலான நேரங்களில் இருவரையும் காப்பாற்ற வழி இருக்கிறது. எல்லா நேரத்திலும் இல்லை. அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைப்போம். கர்ப்பிணிக்கு ஸ்கேனில் “ஓவரியில் கட்டி” என்று எழுதி வந்தால், அது புற்றுநோயாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மாதாமாதம் முட்டை வெளியேறிய இடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு திரள் உருவாகும். கரு தங்கிவிட்டால் அது கரையாமல் நின்று, புரோஜெஸ்ட்ரான் என்ற சுரப்பைக் கொடுத்துக் கர்ப்பத்தைத் தாங்கும். சில பெண்களுக்கு அதற்குள் நீர் கோத்துக் கட்டியாகத் தெரியும். கர்ப்பத்தைத் தாங்குகிற உறுப்பையே கட்டி என்று நினைத்து அலறுகிறோம் என்று பொருள். இந்த வகைக் கட்டிகள் அநேகமாக 14 முதல் 16 வாரத்துக்குள் தானாகச் சுருங்கிப்போகும். 5 சென்டிமீட்டருக்குக் கீழே, உள்ளே தெளிந்த நீர் மட்டும் இருந்தால், அடுத்த ஸ்கேன் வரை காத்திருப்பதுதான் வைத்தியம். கல்யாணத்துக்கு முன் பி.சி.ஓ.எஸ். என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்களே, அந்த நீர்க்கட்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது கேட்கிறார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

16 வாரத்துக்கு மேலும் கரையாமல் நிற்கும் கட்டிகளை எடுத்துக்கொண்டால், அவற்றில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஆறு வரை புற்றாக இருக்கலாம். கர்ப்பிணிகள் மொத்தப்பேரில் கணக்கிட்டால் சுமார் 15,000 முதல் 32,000 பேருக்கு ஒருவர். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு எட்டு, ஒன்பது லட்சம் பிரசவம் நடக்கிறது. அதே விகிதம் இங்கும் பொருந்தும் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 25 முதல் 60 பெண்கள். ஒரு மாவட்டத்துக்கு ஒன்றோ இரண்டோ. ஒரு மகப்பேறு மருத்துவர் தன் வாழ்நாளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இதைப் பார்ப்பார். ஆபத்து இதில்தான் இருக்கிறது. அடிக்கடி பார்க்காத நோயில் ஒரு பக்கம் அவசர முடிவு நடக்கும், இன்னொரு பக்கம் “பிரசவம் முடியட்டும், பார்த்துக்கலாம்” என்று தள்ளிவைப்பது நடக்கும்.

தள்ளிப்போக இன்னொரு காரணம், இந்த நோய் தனக்கென்று அடையாளம் காட்டாதது. வயிறு உப்புசம், சீக்கிரம் வயிறு நிறைவது, மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், முதுகுவலி. கர்ப்பிணி ஒருத்தி இவை எதுவும் இல்லை என்று சொன்னால்தான் நான் ஆச்சரியப்படுவேன். மசக்கை என்று வீட்டில் சொல்வார்கள், நாங்களும் அதையே சொல்லி அனுப்புவோம். ஆக, இது கண்ணில் படுவது பெரும்பாலும் குழந்தையைப் பார்க்கச் செய்யும் ஸ்கேனில்தான். 11 வாரத்திலிருந்து 14 வாரத்துக்குள் ஒன்று, 18 முதல் 20 வாரத்தில் ஒன்று என்று இப்போது ஸ்கேன் வழக்கமாகிவிட்டதால் நமக்கு ஓர் ஆதாயம் கிடைத்திருக்கிறது: கர்ப்பிணிகளிடம் இந்தப் புற்று பெரும்பாலும் முதல் நிலையிலேயே பிடிபடுகிறது. கர்ப்பம் இல்லாத, ஐம்பது அறுபது வயதுப் பெண்களுக்கு வரும் சினைப்பைப் புற்று முற்றிய பிறகுதான் அதிகமும் தெரியவருகிறது. கருவைப் பார்க்க வந்த ஸ்கேன் தாயையும் பார்த்துக் கொடுக்கிறது.

ஸ்கேன் என்றால் ஒலி அலை ஸ்கேன், அதில் கதிர்வீச்சு இல்லை. போதாவிட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், அதிலும் கதிர்வீச்சு கிடையாது. ஆனால் அதற்கு நரம்பில் ஏற்றும் கேடோலினியம் என்ற சாய மருந்தைத் தவிர்க்கிறோம், அது நஞ்சுக்கொடியைத் தாண்டும். சி.டி. ஸ்கேனை முடிந்தவரை தள்ளி வைப்போம். தாயின் உயிருக்கு அவசியம் என்றால் அதையும் எடுக்கத்தான் வேண்டும். ஒருமுறை எடுக்கும் சி.டி.யின் கதிர்வீச்சு, சிசுவுக்குக் குறைபாடு வரும் என்று அஞ்சப்படுகிற அளவுக்குப் பொதுவாகக் கீழேதான் இருக்கும். தெரியாமல் எக்ஸ்ரே எடுத்துவிட்டோம், கலைத்துவிடலாமா என்று கேட்டு வருபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். வேண்டாம்.

இரத்தப் பரிசோதனையில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். சி.ஏ. 125 என்றொரு பரிசோதனை இருக்கிறது. 35-க்கு மேல் போனால் சிவப்பு எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்துவிடுவார்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் நோயே இல்லாத பெண்ணுக்கும் அது ஏறும். கரு தங்கும் உள்வரியே அதைச் சுரக்கிறது. ஏ.எஃப்.பி. என்பது சிசுவின் கல்லீரல் உண்டாக்குவது. கர்ப்பிணியின் இரத்தத்தில் அது இருப்பதுதான் இயல்பு. ஹெச்.சி.ஜி.யைத்தான் கர்ப்பமா என்று பார்க்கும் அட்டையில் நாம் தேடுகிறோம். இந்த மூன்றும் வேறு சூழலில் புற்றின் அடையாளங்கள், கர்ப்பத்தில் நலமான பிள்ளையின் அடையாளங்களும்தான். இன்னொரு பரிசோதனையான எல்.டி.ஹெச். மட்டும் ஓரளவு நம்பத் தகுந்தது, கர்ப்பத்தால் அது அதிகம் மாறுவதில்லை. அதுவும் கடுமையான இரத்த அழுத்தச் சிக்கல் வந்தால் ஏறிவிடும். கையில் ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு இரவெல்லாம் செல்போனில் தேடிப் பார்த்து அழுதுகொண்டு வரும் பெண்களை எனக்குத் தெரியும். அந்த எண் யாருடையது, தாயுடையதா, பிள்ளையுடையதா, கட்டியுடையதா என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் பார்க்காதவரை அது வெறும் எண்தான்.

ஸ்கேன் படமும் ஏமாற்றும். ‘சாக்லேட் சிஸ்ட்’ என்கிறோமே, அந்த இரத்தக் கட்டியின் உள்சுவர் கர்ப்பச் சுரப்புகளால் தடித்து, புற்றைப் போலவே மொட்டு மொட்டாகத் தெரியும். லூட்டியோமா என்று ஒன்று உண்டு. கர்ப்பத்தில் மட்டுமே வரும் கெட்டியான கட்டி, சில சமயம் இரண்டு பக்கமும் வரும். ஆண் சுரப்பைச் சுரந்து, தாய்க்கு முகத்தில் மயிர் வளர்ந்து குரல்கூடத் தடிக்கலாம். பார்த்தால் யாரும் நடுங்குவார்கள். பிரசவமானதும் தானே சுருங்கிவிடும். இதைத் தெரியாமல் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் முப்பது வயதுக்குள் அந்தப் பெண்ணுக்கு மாதவிடாய் முடிந்துபோகும். அதனால்தான் அறுவையின்போது எடுத்த திசுவை உடனே பரிசோதிக்க அனுப்பும் சீட்டில் “கர்ப்பிணி, இத்தனை வாரம்” என்று எழுதியாக வேண்டும். செவிலிய மாணவிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டை எழுதப்போவது பெரும்பாலும் நீங்கள்தான்.

சரி, புற்று என்று உறுதியாகிறது. எந்தப் புற்று? இளம் பெண்களுக்கு வருவது வேறு குடும்பம். முட்டை உயிரணுவிலிருந்து கிளம்பும் வகை ஒன்று. அதில் டிஸ்ஜெர்மினோமா என்பது கர்ப்பத்தில் அடிக்கடி காணப்படுவது. வேகமாக வளரும், ஆனால் மருந்துக்கு மிக நன்றாகக் கட்டுப்படும். ஒரே சினைப்பைக்குள் அடங்கியிருந்தால் அதை மட்டும் எடுத்துவிட்டுக் கண்காணித்தாலே போதும், கீமோ என்னும் புற்று மருந்து தேவையில்லை. இன்னொன்று, நல்ல கட்டிக்கும் புற்றுக்கும் இடையில் எல்லைக்கோட்டில் நிற்கும் வகை. அதற்கும் முதல் நிலையில் அறுவையே சிகிச்சை. மூன்றாவது, சினைப்பையின் மேலுறையிலிருந்து பரவும் முழுப் புற்று. கர்ப்பிணிகளிடம் குறைவு, வந்தால் கடினம். யோக் சாக் கட்டி என்று ஒன்றும் இருக்கிறது. அது முதல் நிலையிலேயே இருந்தாலும் கீமோ கேட்கும், பிரசவம் வரை பொறுக்காது. ‘ஓவரி கேன்சர்’ என்ற ஒரே பெயரில் இத்தனை வேறுபாடு இருக்கும்போது, பக்கத்து வீட்டு அக்காவுக்கு நடந்ததை வைத்து உங்கள் மகளுக்கு நடக்கப்போவதைச் சொல்ல முடியாது.

கர்ப்பிணிமேல் கத்தி படக்கூடாது என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். படலாம், நேரம் பார்த்துப் பட வேண்டும். அந்த நேரம் 16 முதல் 20 வாரம். தானாகக் கரையும் கட்டிகள் அதற்குள் கரைந்திருக்கும். சிசுவின் உறுப்புகள் உருவாகி முடிந்திருக்கும். புரோஜெஸ்ட்ரான் சுரக்கும் வேலையை நஞ்சுக்கொடி ஏற்றுக்கொண்டிருக்கும். கருப்பை இன்னும் கைக்கு அடங்கும் அளவில் இருக்கும். பத்து வாரத்துக்கு முன்பே அறுவை தேவைப்பட்டு, கர்ப்பத்தைத் தாங்கும் பக்கத்துச் சினைப்பையை எடுக்க நேர்ந்தால், வெளியிலிருந்து புரோஜெஸ்ட்ரான் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் கரு கலையும். இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாத இடம் ஒன்று: கட்டி முறுக்கிக்கொள்வது. திடீரென்று ஒரு பக்க அடிவயிற்றில் தாங்க முடியாத வலி, வாந்தி. அப்போது வாரம் பார்க்கக்கூடாது, அன்றைக்கே அறுவை. சூட்டு வலி, வாய்வு என்று சீரகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தால் சினைப்பை அழுகிவிடும்.

அறுவையில் அபாயம் இல்லையா? உண்டு. கருச்சிதைவு, முன்கூட்டியே வலி எடுப்பது, இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது. கர்ப்பம், புற்று இரண்டுமே இரத்தத்தை உறையச் செய்பவை. இரண்டும் சேர்ந்தால், உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி பெரும்பாலும் தேவைப்படும். மயக்க மருந்துகளால் குறைபாடுள்ள குழந்தை பிறக்கும் என்பதற்கு மனிதரிடத்தில் சான்று இல்லை. வயிறு பெருத்த கர்ப்பிணியை மல்லாக்கப் படுக்க வைத்தால் கருப்பையின் பாரம் பெரிய இரத்தக் குழாய்களை அழுத்தும். பிள்ளைக்குப் போகும் இரத்தம் குறையும். அதனால் இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைக்கிறோம். கட்டியை உடைக்காமல் முழுதாக எடுப்பது இன்னொரு கவலை. உள்ளே சிந்தினால், சினைப்பைக்குள் அடங்கியிருந்த நோய் அந்தக் கணத்திலேயே அடுத்த படிக்கு ஏறிவிடுகிறது; தேவைப்பட்டிருக்காத கீமோ தேவைப்படலாம். சிறு துளை போட்டுச் செய்வது வசதிதான், தழும்பு சிறிது, வலி குறைவு. ஆனால் புற்று என்ற சந்தேகம் பலமாக இருந்து, கட்டியும் பெரிதாக இருந்தால், நடுவில் நேராகக் கீறி முழுதாக எடுப்பதே எனக்குச் சம்மதம். தழும்புக்காக நோயைச் சிதறவிட முடியாது.

இப்போது கீமோ. கர்ப்பிணிக்குக் கீமோவா என்று கேட்கும்போதே எல்லோருக்கும் உடல் சிலிர்க்கும். அந்த அச்சத்துக்கு வரலாறு இருக்கிறது. 1957 முதல் 1961 வரை மசக்கைக்கும் தூக்கத்துக்கும் தாலிடோமைடு என்ற மாத்திரையைத் தாராளமாகக் கொடுத்தார்கள். உலகம் முழுவதும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் வளராமல் பிறந்தன. அதிலிருந்து கர்ப்பிணி என்றால் காய்ச்சல் மாத்திரைக்கும் தயங்குகிற தலைமுறை உருவானது. நியாயமான தயக்கம். ஆனால் அந்தத் துயரத்தில் எல்லோரும் கவனிக்காத ஒரு பாடம் இருந்தது: கை கால் உருவாகும் சில நாட்களுக்குள் மாத்திரை சாப்பிட்டவர்களின் பிள்ளைகளுக்குத்தான் அந்தக் கேடு வந்தது. மருந்து எது என்பதோடு, எந்த நாளில் என்பதும் விதியைத் தீர்மானித்தது.

கீமோவுக்கும் அதே கணக்குதான். முதல் மூன்று மாதத்தில் கொடுத்தால் நூற்றில் பத்து முதல் இருபது குழந்தைகளுக்குப் பிறவிக் குறை வரும். 14 வாரம் தாண்டிக் கொடுத்தால் அந்த அளவு, எந்த மருந்தும் எடுக்காத பெண்களின் குழந்தைகளுக்கு வரும் அளவுக்கே, அதாவது நூற்றுக்கு மூன்றுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. மேலுறைப் புற்றுக்கு வழக்கமான இணை கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல். பபூன் குரங்குகளில் அளந்து பார்த்தபோது, தாயின் இரத்தத்தில் இருந்த கார்போபிளாட்டினில் சுமார் 57 விழுக்காடு குட்டியின் இரத்தத்தில் இருந்தது. பாக்லிடாக்சலோ சுமார் ஒன்றரை விழுக்காடுதான். நஞ்சுக்கொடியில் ஒரு புரதம் வாசற்காவல்காரன் மாதிரி நின்று, பாக்லிடாக்சல் போன்ற சில மருந்துகளைத் தாயின் பக்கமே திருப்பித் தள்ளுகிறது. கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டினம் மருந்துகளைத் தடுக்க அதனால் முடிவதில்லை. ஆகவே பிள்ளைக்கு மருந்தே போகாது என்று ஆறுதல் சொல்வது பொய். போகிறது, பிள்ளை அதைத் தாங்குகிறது.

எவ்வளவு தூரம் தாங்குகிறது என்பதைப் பார்ப்பதற்கென்றே பெல்ஜியத்தில் ஃப்ரெடெரிக் அமான் என்ற மருத்துவர் தம் சகாக்களோடு பல நாடுகளை இணைத்து ஒரு பதிவேட்டைத் தொடங்கினார். இந்த நோயில் ஒரு பாதிப் பெண்களுக்கு மருந்து கொடுத்து மறுபாதிக்குக் கொடுக்காமல் சோதிக்க எந்த மனசாட்சியும் இடம் தராது. நடந்தவற்றைச் சேர்த்துத்தான் கற்க வேண்டும். 2015-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், தாய் புற்றோடு இருந்தபோது கருவில் வளர்ந்த 129 குழந்தைகளை, அதே வயதுள்ள மற்ற 129 குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். பெரும்பாலானவர்களின் தாய்மார்கள் கர்ப்பத்தில் கீமோ எடுத்தவர்கள். ஏறக்குறைய இரண்டு வயதில் பார்த்தபோது அறிவு வளர்ச்சியிலும், மூன்று வயதில் ஒரு பகுதியினரைப் பார்த்தபோது இதயத்திலும் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. பிறகு எது வேறுபாட்டை உண்டாக்கியது? குறைமாதம். எத்தனை வாரம் முன்னால் பிறந்ததோ அந்த அளவுக்கு மதிப்பெண் குறைந்தது. அதிலும் வேதனை என்னவென்றால், அந்தக் குழந்தைகளில் பாதிக்கும் மேல் குறைமாதத்தில் பிறந்தவர்கள்.

இங்கே நம் ஊர் நம்பிக்கை ஒன்றை இழுக்க வேண்டியிருக்கிறது. ஏழாம் மாதம் பிறந்தால் பிழைக்கும், எட்டாம் மாதம் பிறந்தால் தங்காது என்பார்கள். படித்தவர்கள் வீட்டிலும் சொல்லக் கேட்டிருக்கிறேன். முழுத் தவறு. வயிற்றுக்குள் கூடும் ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கும் மூளைக்கும் சேமிப்பு. எட்டாம் மாதம் ஏழாம் மாதத்தைவிட எப்போதுமே மேல். புற்று என்று தெரிந்ததும், “ஏழு மாசம் ஆயிடுச்சு, எடுத்துட்டு வைத்தியத்தை ஆரம்பிங்க” என்று அவசரப்படும் குடும்பங்கள் இந்த நம்பிக்கையைத்தான் பிடித்துக்கொள்கின்றன. மருத்துவர்களும் சிலர் அதற்கு இசைகிறார்கள். மருந்திலிருந்து பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து இன்குபேட்டருக்குள் தள்ளுகிறார்கள். கட்டுப்பாட்டோடு கொடுக்கும் கீமோவைவிட 30-ஆவது வாரப் பிறப்புதான் அந்தப் பிள்ளைக்குப் பெரிய தண்டனை. நாங்கள் குறிவைப்பது 37 வாரம்.

அந்தக் கணக்கை இப்படிப் போடுவோம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து. பிரசவத்துக்கு மூன்று வாரம் முன்பே நிறுத்த வேண்டும், 35 வாரத்துக்கு மேல் புதிதாக ஏற்றக்கூடாது. ஏன் என்றால், கீமோ ஏற்றிப் பத்துப் பதினைந்து நாளில் தாய்க்கும் பிள்ளைக்கும் இரத்த அணுக்கள் சரியும். அந்த நேரத்தில் வலி எடுத்தால் கிருமித் தொற்றும் இரத்தப்போக்கும் இருவரையும் மிரட்டும். வயிற்றுக்குள் இருக்கும்வரை மருந்தின் மிச்சத்தைத் தாயின் சிறுநீரகமும் கல்லீரலும் கழித்துக் கொடுக்கும். வெளியே வந்துவிட்டால் அந்தப் பிஞ்சு சிறுநீரகமே தன் பாரத்தைச் சுமக்க வேண்டும். கர்ப்பத்தில் தாயின் இரத்த அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடிவிடுவதால் மருந்து நீர்த்துப்போகும். ஆனாலும் “பிள்ளைக்காகக் கொஞ்சம் குறைச்சுக் கொடுங்க” என்பதற்கு இடமில்லை. குறைத்துக் கொடுத்தால் பிள்ளைக்கும் மருந்து போகும், தாய்க்கும் நோய் போகாது.

கேடே இல்லையா என்றால், இருக்கிறது. பிளாட்டினம் மருந்து எடுத்த தாய்மார்களுக்கு எடை குறைந்த குழந்தைகள் அதிகம் பிறந்ததை அதே பதிவேடு 2018-இல் காட்டியது. சிஸ்பிளாட்டின் குழந்தையின் செவியைப் பாதித்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன; எனவே இயன்றவரை கார்போபிளாட்டினுக்கு மாறுகிறோம். இரத்தக் குழாய் வளர்வதைத் தடுக்கும் பெவாசிஸுமாப், பரம்பரை வகைக்குக் கொடுக்கும் ஓலாபரிப் போன்ற புதிய மருந்துகள் கர்ப்பத்தில் கூடவே கூடாது. ‘புது மருந்து, விலை உயர்ந்த மருந்து’ என்று உறவினர் கேட்டு வற்புறுத்துவதுண்டு. இந்த நோயாளிக்குப் பழைய மருந்துதான் பாதுகாப்பு.

கடினமான இடத்துக்கு வந்துவிட்டேன். மேலுறைப் புற்று வயிறு முழுக்கப் பரவி, கர்ப்பம் பத்து வாரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். முழுமையாகச் சுரண்டி எடுக்கக் கருப்பை வழிவிடாது. கீமோவைத் தொடங்க இன்னும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். மூச்சுத் திணறலும் வயிற்று நீரும் காத்திருக்க மாட்டா. இங்கே கர்ப்பத்தைத் தொடர வேண்டாம் என்று சொல்ல வேண்டிவரும். அதே நோய் 22-ஆவது வாரத்தில் தெரிந்தால், ஒரு துணுக்கை எடுத்துப் பரிசோதித்துவிட்டு, கீமோ கொடுத்துக்கொண்டே பிள்ளையை முதிரவிட்டு, பிரசவத்துக்குப் பிறகு முழு அறுவையைச் செய்யலாம். தாயின் ஆயுள் நோயின் நிலையைப் பொறுத்தது. நிலை ஒன்றே என்றால் கர்ப்பம் இருப்பதால் மட்டும் அது குறைவதில்லை. கருவைக் கலைத்தால் புற்று பின்வாங்கும் என்பது யாரும் நிரூபிக்காத பேச்சு.

கலைப்பது என்று வந்தால் சட்டம் என்ன சொல்கிறது? 1971-இன் கருக்கலைப்புச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20-லிருந்து 24 வரை, விதிகளில் சொன்ன பிரிவினருக்கு, இருவர் கருத்து வேண்டும். தாயின் உயிரைக் காக்க உடனடியாகத் தேவை என்றால் வார வரம்பு கிடையாது. சம்மதம் யாருடையது? பதினெட்டு வயது நிறைந்தவள் என்றால் அவளுடையது மட்டும்தான். கணவர் கையெழுத்தோ மாமனார் மாமியார் கையெழுத்தோ சட்டத்துக்குத் தேவையில்லை. பல ஆஸ்பத்திரிகளில் பழக்கத்தால் இன்னும் கேட்கிறார்கள். பின்வரிசை ஆண்களுக்கு ஆரம்பத்தில் சொன்னேனே, அது இதுதான். தாழ்வாரத்தில் உறவினர்கள் வட்டம் கூடித் தாயா பிள்ளையா என்று தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கும்போது, அந்தத் தாய் உள்ளே கட்டிலில் விழித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். அவளிடம் நோயின் பெயரையே சொல்லியிருக்க மாட்டார்கள், அதிர்ச்சி ஆகிவிடுமாம். கென்டக்கி மருத்துவர் 1809-இல் தன் நோயாளியிடம் சொன்னதை நாம் இன்றைக்குச் சொல்லத் தயங்குகிறோம்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன், கேள்விகளுக்கு நேரம் வேண்டும். பிரசவம் சுகப்பிரசவமாகவே இருக்கலாம். புற்று என்பதற்காகவே சிசேரியன் தேவையில்லை, அதே மூச்சில் பெரிய அறுவையும் செய்ய வேண்டியிருந்தால் தவிர. நஞ்சுக்கொடியைக் குப்பையில் போடாமல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். தாயின் புற்று பிள்ளைக்குத் தாவுமா என்று எல்லோருக்கும் ஒரு கவலை. அது அபூர்வத்திலும் அபூர்வம், அப்படிப் பதிவானவற்றிலும் மெலனோமா என்ற தோல் புற்றுதான் முன்னால் நிற்கிறது. பிரசவத்துக்குப் பிறகு கீமோ தொடர்ந்தால் தாய்ப்பால் கொடுக்கக்கூடாது, மருந்து பாலில் இறங்கும். இதைப் பச்சை உடம்புக்காரியிடம் சொல்வதுதான் என் வேலையில் மிகவும் சிரமமானது. ஊர்ப் பெண்கள் வந்து “பால் கொடுக்கலையா” என்று கேட்கும்போது வீட்டார்தான் அவளுக்கு முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். பிளாட்டினம் எடுத்திருந்தால் குழந்தையின் செவியைப் பரிசோதித்துக்கொண்டே இருங்கள். மேலுறைப் புற்றாக இருந்தால் தாய்க்கு பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பரிசோதனை செய்வது நல்லது, அவளுடைய அக்கா தங்கைகளுக்கும் அதில் செய்தி இருக்கலாம்.

மறுபடி பிள்ளை பெறலாமா என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு சினைப்பையும் கருப்பையும் மிச்சம் இருந்தால் மாதவிடாய் வழக்கம்போல் வரும், கருவும் தங்கும். நோயின் வகையைப் பொறுத்து ஒன்றிரண்டு வருடம் இடைவெளி விடச் சொல்வோம். திரும்பி வரும் நோய் அநேகமாக அந்தக் காலத்துக்குள்தான் தலைகாட்டும். அதுவரை கருத்தடை வேண்டும். எந்த முறை என்பதைச் சிகிச்சை கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள். அடுத்த சீட்டு என்ன, யாருடையது?